எல்லைக்கோடும் பெண்ணின் வழியும்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களை முன்வைத்துக் கருத்தடை, கருக்கலைப்பு ஆய்வுகள் பற்றிய மதிப்பீடு

முன்னுரை

கருத்தடை, கருக்கலைப்பு ஆகிய இரண்டும் மருத்துவத்துறைக்கும் மக்கள்தொகையியலுக்கும் உரிய பொருள்களாகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளன. தமிழ்த்துறை ஆய்வுகள் இவற்றை அரிதாகவே தொட்டுள்ளன. ஆயினும் இத்துறையின் தரவுகளுள் பெரும்பகுதி, ஒரு பெண்ணிடம் ஒரு மொழியில் ஒரு வினாவைக் கேட்டு, அவள் தந்த விடையை எண்ணாக மாற்றியதால் கிடைத்ததாகும். வினாவின் சொல் மாறினால் விடை மாறும். விடை மாறினால் எண் மாறும். எண் மாறினால் மருந்தும் மருத்துவரும் எந்த ஊருக்கு அனுப்பப்படுவர் என்பதும் மாறும். ஆகவே இவ்வாய்வுகளின் சொல்லையும் அலகையும் மதிப்பிடுவது மொழி ஆய்வாளருக்குப் புறம்பான பணி அன்று.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லையோர ஊர்கள் இம்மதிப்பீட்டிற்கு உரைகல்லாக இங்குக் கொள்ளப்படுகின்றன. கேரளம், தமிழ்நாடு ஆகிய இரண்டும் குறைந்த பிறப்பு வீதத்திற்காக உலக அளவில் எடுத்துக்காட்டப்படும் மாநிலங்கள். அவ்விரண்டும் கூடும் இடத்தில் ஆய்வுகளின் வலிமையும் குறையும் ஒருசேரப் புலப்படும். இவ்வாய்வுகள் பயன்பாட்டை அளந்து அதனையே பெறும் வாய்ப்பாகக் கொண்டன; மாநிலத்தை அலகாக்கியதால் பெண் நடந்துசெல்லும் வழியைத் தவறவிட்டன; அவள் பயன்படுத்தும் வினைச்சொல்லைக் கேட்கவில்லை. இம்மூன்றையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தன் கோரிக்கையில் உட்படுத்தியிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை, காரோடு, குளத்தூர், வெள்ளறடை முதலிய ஊர்கள் கோட்டின் ஒருபுறமும், களியக்காவிளை, கொல்லங்கோடு, குழித்துறை, மார்த்தாண்டம் முதலியவை மறுபுறமும் அமைந்தன. கோடு ஆட்சியைப் பிரித்தது. உறவையும் சந்தையையும் திருச்சபையையும் பிரிக்கவில்லை.

இக்களத்தின் மூன்று இயல்புகள் ஈண்டுக் கருதத்தக்கன. முதலாவது, திருமண உறவு எல்லையைக் கடந்து நிகழ்வது. விளவங்கோட்டில் தமிழ்வழி பயின்ற பெண் பாறசாலைப் பக்கம் மணம்முடித்து வருகிறாள். பாறசாலையில் மலையாளவழி பயின்ற பெண் குழித்துறைப் பக்கம் செல்கிறாள். தலைப்பேறு தாய்வீட்டில் என்னும் வழக்கம் இரு பக்கத்துக்கும் பொது. எனவே ஒரே பெண்ணின் கருவுறுதல் ஒரு மாநிலத்திலும் மகப்பேறு மற்றொரு மாநிலத்திலும் நிகழ்தல் இயல்பு.

இரண்டாவது, மருத்துவ நிறுவனங்களின் வரலாறு எல்லைக்கு முந்தியது. இலண்டன் மிஷன் சங்கத்தின் நெய்யூர் மருத்துவப்பணி 1838இல் தொடங்கியது. 1920களில் எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். அவர் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி, எல்லையின் கேரளப் பக்கத்திலுள்ள காரக்கோணத்தில் 2002இல் தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன், 2001இல், தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. இவற்றோடு இருபுறத்து அரசு மருத்துவமனைகளையும் சேர்த்தால், எல்லையோரப் பெண்ணின் முன் நிற்பவை இரு அரசுகளும் பல தனியார் நிறுவனங்களும் ஆகும்.

மூன்றாவது, சமயநிலை. 1968இல் வெளியான பாப்பரசரின் சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை மறுத்ததைப் பின்பற்றும் கத்தோலிக்கரும், அத்தகைய பொதுத்தடை இல்லாத தென்னிந்தியத் திருச்சபையினரும், இந்துக்களும், இசுலாமியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். மாநிலச் சராசரி இவ்வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் அற்றது.

மாநிலம் என்னும் அலகு

கேரளத்தின் பிறப்பு வீதம் குறைந்தமை குறித்த ஆய்வு மரபு திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1975இல் ஐக்கிய நாடுகள் அவையின் வெளியீடாக வந்த அம்மையத்தின் ஆய்வும், 1984இல் கே.சி. சகரியா எழுதிய உலக வங்கி ஆய்வறிக்கையும் இம்மரபின் அடிப்படைகள். தொழில் வளர்ச்சியோ உயர்ந்த வருமானமோ இன்றியே பிறப்பு வீதம் குறைந்த விந்தையை இவை பெண்கல்வி, குழந்தை இறப்புக் குறைவு, நலவாழ்வு வசதிகள் ஆகியவற்றால் விளக்கின. செல்வம் வந்த பின்னரே சிறு குடும்பம் வரும் என்ற அன்றைய கொள்கையை இவை அசைத்தன. அது இவற்றின் நிலைத்த பெருமை.

தமிழ்நாட்டைப் பற்றிய விளக்கம் வேறொரு பாதையில் சென்றது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலராகிக் கருத்தடை அறுவையை ஊக்கினார். 1950களின் பிற்பகுதியிலேயே அறுவை செய்துகொண்ட ஏழையருக்குச் சென்னை அரசு பணம் வழங்கியது. ஆகவே தமிழ்நாட்டின் மாற்றத்திற்கு அரசு இயந்திரத்தின் முனைப்பும், சுயமரியாதை இயக்கம் முதலிய சமூக இயக்கங்களின் தாக்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. கேரளம் கல்வியால், தமிழ்நாடு நிருவாகத்தால் என்னும் இருமை இவ்வாறு பாடமாயிற்று.

எல்லையோர ஊர்களில் வைத்துப் பார்க்கும்போது இவ்விருமை தளர்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரின் பகுதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலிடத்தில் அது நின்றது. கேரள விளக்கம் கூறும் கல்விக்கும் மிஷன் பணிக்கும் உரிமையுள்ள இம்மாவட்டம் கணக்கில் தமிழ்நாடாகிறது. மறுபுறம், நிருவாக முனைப்பு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1970ஆம் ஆண்டின் இறுதியில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் 15,005 ஆண்களுக்கும், 1971 ஜூலையில் அங்கேயே நடந்த பெருமுகாமில் 63,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கும் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் தலைமையில் ஊதியமும் பரிசுப்பொருள்களும் அளித்து நடத்தப்பட்ட அம்முகாம்கள் நாடு முழுவதற்கும் முன்மாதிரியாகக் காட்டப்பட்டன. கல்வியால் தானே விளைந்தது என்று சொல்லப்படும் மாற்றத்தின் நடுவில் அரசின் கை இருந்தமைக்கு இது சான்று.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) இதனை மேலும் தெளிவுபடுத்துகிறது. இரு மாநிலங்களிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மணவாழ்வில் உள்ள 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் கேரளத்தில் 46.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.8 விழுக்காடு. ஆண் அறுவை இரண்டிலும் 0.1 விழுக்காடே. 1971இல் ஆண்களைத் திரட்டி உலகப் புகழ் பெற்ற கேரளத்திலும், ஆண் அறுவைக்கு முதலில் பணம் அளித்த தமிழ்நாட்டிலும் இன்று ஆயிரம் தம்பதியரில் ஓர் ஆண் என்பதே நிலை. நவீனக் கருத்தடை முறைகளைக் கைக்கொண்டோருள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண் அறுவையையே சார்ந்துள்ளனர்; இவ்விகிதமும் இரு மாநிலங்களிலும் ஒன்றே.

இரு வேறு வழிகளால் வந்ததாகக் கூறப்படும் விளைவு ஒரே வடிவத்தில் அமைந்திருப்பது தற்செயலன்று. குழந்தைகளைப் பெற்று முடித்த பின் ஒருமுறை திறந்து மூடும் கதவாகவே கருத்தடை இரண்டு இடங்களிலும் வழங்கப்பட்டுள்ளது. முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்புபவளுக்கும், இரு பேறுகளுக்கிடையே இடைவெளி வேண்டுபவளுக்கும், மணமாகாதவளுக்கும் அக்கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அறுவையின் விழுக்காடு சொல்லாது. பயன்பாடு மிகுதி, ஆகவே வாய்ப்பும் மிகுதி என்ற முடிவு இங்கே பிழைபடுகிறது. ஒரே ஒரு பொருளை விற்கும் கடையில் கூட்டம் நிறைந்திருப்பது, வாங்குவோர் அதனைத் தேர்ந்தெடுத்தமைக்குச் சான்றாகாது.

சொல்லின் வரலாறு

கருத்தடை குறித்துத் தமிழில் வழங்கிய சொற்கள் இக்குறையை வேறொரு வகையில் விளக்குகின்றன. 1930களில் சுயமரியாதை இயக்க ஏடுகள் 'கர்ப்பத்தடை', 'கர்ப்ப ஆட்சி' என்னும் சொற்களை ஆண்டன. அக்காலத்துச் சென்னையில் மால்தூசியர் கழகத்தினர் வறுமையையும் மக்கள்பெருக்கத்தையும் காரணங்காட்டிக் கருத்தடையை வேண்டினர். பெரியார் அக்காரணங்களிலிருந்து தம் நிலையைப் பிரித்துக்காட்டி, பெண்ணின் விடுதலையே கருத்தடைக்கு அடிப்படை என்றார். இவ்வேறுபாட்டைச் ச. ஆனந்தியின் கட்டுரையும், தென்னிந்தியாவில் 1920 முதல் 1940 வரையிலான கருத்தடை வரலாற்றை ஆராய்ந்த சாரா ஹாட்ஜஸின் 2008ஆம் ஆண்டு நூலும் விரிவாக ஆராய்ந்துள்ளன. 'கர்ப்ப ஆட்சி' என்ற தொடரில் ஆளுவது யார் என்ற வினா உள்ளடங்கியிருக்கிறது. ஆளுபவள் பெண் என்பது அச்சொல்லை ஆண்டோர் கொண்ட விடை.

விடுதலைக்குப் பின் அச்சொல் மறைந்து 'குடும்பக் கட்டுப்பாடு' வந்தது. ஆங்கிலத் தொடரின் நேர்ப்பொருள் 'குடும்பத் திட்டமிடல்' என்பதே. மலையாளம் 'குடும்பாசூத்ரணம்' எனத் திட்டமிடும் பொருளைக் காத்துக்கொண்டது. தமிழ் 'கட்டுப்பாடு' என்ற சொல்லைத் தேர்ந்தது. ஊர்க்கட்டுப்பாடு, சாதிக்கட்டுப்பாடு என்னும் வழக்குகளில் இச்சொல் புறத்திலிருந்து ஒருவர்மேல் விதிக்கப்படும் ஒழுங்கைக் குறிக்கும். கர்ப்பத்தின் இடத்தைக் குடும்பமும், ஆட்சியின் இடத்தைக் கட்டுப்பாடும் பிடித்தபோது பெண் எழுவாய் நிலையிலிருந்து செயப்படுபொருள் நிலைக்குச் சென்றாள் எனலாம். நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாய அறுவைகளுக்குப் பின் 1977இல் நடுவண் அரசு 'குடும்பநலம்' என்று பெயரை மாற்றியது. 1994ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாட்டிற்குப் பின் 'இனப்பெருக்க நலம்' என்ற தொடர் வந்தது. 1996இல் அறுவை இலக்குகள் நாடெங்கும் நீக்கப்பட்டன. அலுவலகப் பலகைகள் மாறிய பின்னும் மக்கள் வழக்கில் 'குடும்பக் கட்டுப்பாடு' அறுவையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

மலையாளச் சொல்லின் மென்மையைக் கொண்டு அங்கே பெண்ணுரிமை ஓங்கியிருந்தது என்று கருதுதல் பொருந்தாது. 1930 முதல் 1970 வரை மலையாளிகளிடையே குடும்பத்திட்டம் வேரூன்றியதை ஆராய்ந்த ஜே. தேவிகா, தன்னடக்கமுள்ள பொறுப்புமிக்க இல்லறத்தாரை உருவாக்கும் முயற்சியாகவே அது ஏற்கப்பட்டதை எடுத்துக்காட்டுகிறார். அன்றாட மலையாளத்தில் பெண் அறுவைக்கு 'பிரசவம் நிறுத்துதல்' என்பதே வழக்கு. திட்டமிடல் என்ற அலுவல் சொல்லின் கீழ், நிறுத்துதல் என்ற நடைமுறை சொல்லாகி நிற்கிறது. கட்டுப்படுத்துதல், நிறுத்துதல் ஆகிய இரு வினைகளே எல்லையின் இருபுறமும் வழங்குகின்றன. தள்ளிப்போடுதல், இடைவெளி விடுதல் என்பனவற்றிற்கு அத்தகைய உறுதியான வழக்குச்சொல் அமையவில்லை. மேலே காட்டிய விழுக்காடுகளும் இச்சொல்வழக்கும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன.

கலைதலும் கலைத்தலும்

கருக்கலைப்பு ஆய்வில் மொழியின் பங்கு இன்னும் கூர்மையானது. 'கரு கலைந்தது' என்பது தன்வினை. 'கருவைக் கலைத்தாள்' என்பது பிறவினை. மலையாளத்திலும் 'அலசல்' தானே நிகழ்வதையும் 'அலசிப்பிக்கல்' செய்விப்பதையும் குறிக்கும். இரு மொழிகளும் இவ்விரண்டையும் இலக்கணத்தாலேயே பிரிக்கின்றன. ஆனால் பெண் தன் நிலையைக் கூறும்போது பிறவினையைத் தவிர்த்துத் தன்வினைக்குள் ஒதுங்குதல் இயல்பு. 'கலைந்துவிட்டது' என்று சொல்பவளிடம் யார் கலைத்தது என்று எவரும் கேட்கமாட்டார். இரண்டிற்கும் பொதுவாக வழங்கும் 'கருச்சிதைவு' என்னும் ஏட்டுச்சொல் இம்மறைவை மேலும் எளிதாக்குகிறது. வீடுவீடாகச் சென்று கேட்கும் ஆய்வுகளில் கருக்கலைப்பு குறைத்துச் சொல்லப்படுவது உலகெங்கும் அறியப்பட்ட செய்தி. தமிழிலும் மலையாளத்திலும் அக்குறைவு வினைவடிவம் ஒன்றின் வழியே நிகழ்கிறது என்பது தனித்து ஆராயத்தக்கது.

இச்சிக்கலைக் கடக்க 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு வேறு வழி கண்டது. பெண்களிடம் கேட்பதை நம்பியிராமல், கருக்கலைப்பு மாத்திரைகளின் விற்பனையையும் மருத்துவ நிறுவனங்களின் கணக்கையும் சேர்த்து அது மதிப்பிட்டது. 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றுள் 73 விழுக்காடு மருத்துவ நிறுவனங்களுக்கு வெளியே மாத்திரையால் நிகழ்ந்தன என்றும் அது கண்டது. அக்காலத்தில் அரசின் ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ 7 இலட்சமே. தனியாக ஆராயப்பட்ட ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு மட்டும் கிடைத்த மதிப்பீடு 7 இலட்சத்தைத் தாண்டியது. நாடு முழுமைக்கும் அரசு எண்ணியதை ஒரு மாநிலமே நிறைத்துவிட்டது. இதுவரை இல்லாததாகக் கருதப்பட்டதைக் கணக்கிற்குள் கொணர்ந்தமை இவ்வாய்வின் அரும்பணி.

ஆனால் அசாம், பீகார், குஜராத், மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய அவ்வாறனுள் கேரளம் இல்லை. எல்லையின் ஒரு பக்கம் எண்ணால் விளக்கமுற்றது. மறுபக்கம் நாட்டுச் சராசரிக்குள் கரைந்தது. மேலும், மாத்திரையை வாங்கிய கடை ஒரு மாநிலத்திலும் அதனை உட்கொண்ட பெண் மற்றொரு மாநிலத்திலும் இருக்கக்கூடிய களம் இது. விற்பனைக் கணக்கு கடையின் முகவரியையே அறியும். பெண்ணின் விடையை நம்ப இயலாது என்று கடையிடம் கேட்ட ஆய்வுக்கு, கடை சொன்ன விடை எவளுடையது என்பது தெரியாமற் போகிறது. தமிழ்நாட்டில் மருந்துக்கடைகள் இம்மாத்திரையை வைத்திருப்பது மிகக் குறைவு என்று 2020இல் வெளியான கடை ஆய்வு காட்டியதை இதனோடு இணைத்து நோக்கினால், எல்லைக்கு அப்பாலுள்ள கடை எல்லையோரப் பெண்ணுக்கு எத்துணை முதன்மையானது என்பது விளங்கும்.

களப்பணி நூல்கள்

எண்கள் காட்டாதவற்றைக் காட்டியவை களப்பணி நூல்களே. செசிலியா வான் ஹாலன் 2003இல் வெளியிட்ட நூல், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு முடிந்த கையோடு பெண்களுக்குத் தெரியாமலும் ஒப்புதலின்றியும் கருப்பைச் சாதனம் பொருத்தப்பட்டதைப் பதிவுசெய்தது. கணக்கேட்டில் இது 'ஏற்பு' என்று பதியப்பட்டிருக்கும். பயன்பாட்டுக்கும் வாய்ப்புக்கும் உள்ள இடைவெளிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. டி.கே. சுந்தரி ரவீந்திரன், பா. பாலசுப்ரமணியன் ஆகியோர் 2004இல் எழுதிய கட்டுரை, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மணமான பெண்களுக்குக் கருக்கலைப்பு கைக்கெட்டியதாக இருந்தும், கணவனின் உடலுறவு விருப்பத்தை மறுக்கும் உரிமை எட்டாததாக இருந்ததை நிறுவியது. வேண்டாத கருவைக் கலைக்க இசைவு உண்டு. அது உருவாகாமல் தடுக்க இசைவு இல்லை. இலட்சுமி ராமச்சந்தர், பெர்ட்டி பெல்டோ ஆகியோரின் ஆய்வுகள், மாத்திரைவழிக் கருக்கலைப்பு தமிழ்நாட்டு ஊரகங்களில் ஓசையின்றிப் பரவியதைக் காட்டின.

எல்லைக்கு அணித்தான களத்தில் கல்பனா ராம் கன்னியாகுமரிக் கடற்கரையின் முக்குவப் பெண்களைப் பற்றி 1991இல் எழுதிய நூல் குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்கச் சமயம், மீன்பிடித் தொழில், பெண் உடல் பற்றிய நம்பிக்கை ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கிய அந்நூல், இத்துறையில் மாநிலச் சராசரிக்குக் கீழே இறங்கிய அரிய முயற்சிகளுள் ஒன்று. படைப்பிலக்கியமும் இங்கே சான்றாகும். இரணியலைக் களமாகக் கொண்ட நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968), தாய்மைக்குத் தகுதியற்றவள் என்ற பழி ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைப்பதை மையமாக்கியது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் இளம்பெண்ணை அச்சுறுத்துவது அதே பழிதான். கருத்தடை வேண்டாம் என்று அவள் சொல்லும் விடையை அறியாமை என்று வகைப்படுத்தும் வினாப்படிவம் இவ்வச்சத்தைக் காணாது.

எனினும் இந்நூல்கள் பெரிதும் ஒரு மாநிலத்திற்குள், ஒரு மொழிக்குள் நின்றே ஆராய்ந்தன. களப்பணியாளர் தங்கும் ஊர் ஆய்வின் எல்லையாகிறது. எல்லையோரப் பெண்ணோ ஓர் ஊரில் தங்கி மற்றோர் ஊரில் மருத்துவம் நாடி மூன்றாம் ஊரில் மருந்து வாங்கக்கூடியவள்.

வாரக் கணக்கும் எல்லையும்

இவ்வழி ஏன் முதன்மையானது என்பதைச் சட்டமே உணர்த்துகிறது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையின்பேரில் இயற்றப்பட்ட 1971ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும் என்றது. மாத்திரைமுறைக்கு விதிகள் வகுத்த வரம்பு 7 வாரத்திலிருந்து 9 வாரமாயிற்று. 2022 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் மணமான பெண்ணுக்குக் கணவனின் இசைவு தேவையில்லை எனக் கூறியது. அம்மாத இறுதியில் உச்சநீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான உரிமையில் மணமாகாத பெண்ணை விலக்குவது தகாது எனத் தீர்ப்பளித்தது.

சட்டம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. ஆனால் அது வாரங்களால் அளக்கிறது. எல்லையோர ஊரில் வாரங்களைத் தின்பவை வேறு. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்திட்டம் 18,000 ரூபாயாக உயர்ந்தபோது, அதனைப் பெற அம்மாநிலத்தில் கருவுற்றவுடன் பதிவுசெய்து பேறுகால எண் பெறுதல் தேவையாயிற்று. உதவியும் முதல் இரு பேறுகளுக்கே உரியது. கேரளத்தில் ஆஷா பணியாளரும் சுகாதார செவிலியரும் தம் வார்டுப் பெண்களின் பெயர்களைப் பேரேட்டில் வைத்திருக்கின்றனர். பதிவு பாதுகாப்பு, அதுவே வெளிச்சமும் ஆகும். கருவைத் தொடர விரும்புபவளுக்குப் பதிவு பயன் தரும். கலைக்க விரும்புபவளுக்கு அது ஊருக்குத் தெரியும் அச்சத்தைத் தரும். ஆகவே தன்னை அறிந்தோர் இல்லாத பக்கத்துக்குச் செல்ல அவள் எண்ணலாம். அங்கே குடும்ப அட்டையும் முகவரியும் கேட்கப்படும். ஒப்புதல் படிவம் அவள் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கும். இவ்வலைச்சலில் 9 வாரம் 13 ஆகும். மாத்திரையால் முடியவேண்டியது அறுவையாகும். எல்லை இவ்வாறு ஒரே நேரத்தில் மறைவிடமாகவும் தடையாகவும் செயற்படுகிறது.

மொழியுரிமை இவ்விடத்தில் உடல்நலத்தின் பகுதியாகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு எழுத்துத்தொடர்பு கொள்ள வழிசெய்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். அவ்வுரிமை மனு எழுதுவதோடு நின்றுவிடலாகாது. புரியாத எழுத்தில் இட்ட கையொப்பம் ஒப்புதல் ஆகாது என்பது மருத்துவ அறத்தின் முதற்பாடம். விளவங்கோட்டில் வாழும் மலையாளம் பேசும் பெண்ணுக்குத் தமிழ்ப் படிவம் குறித்து இதே உரிமை உண்டு என்பதையும் உடன் கூறவேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கேரளம், தமிழ்நாடு குறித்த மக்கள்தொகை ஆய்வுகள் பிறப்பு வீதம் குறைந்ததைத் திறம்பட விளக்கின. அக்குறைவு பெரும்பாலும் பெண் அறுவை என்னும் ஒரே வழியால் நிலைபெற்றதைப் பெண்ணின் பக்கம் நின்று வினவவில்லை. கருக்கலைப்பு மதிப்பீடுகள் மறைந்திருந்த எண்ணிக்கையை வெளிக்கொணர்ந்தன. ஆனால் பெண்ணை விடுத்துக் கடையை எண்ணியதால் எல்லை கடக்கும் வழியை அறிய இயலாதனவாயின. களப்பணி நூல்கள் பெண்ணின் குரலைக் கேட்டன; ஆயினும் ஒரு மாநிலத்தின் வரம்பிற்குள் நின்றன.

பாறசாலை – நெய்யாற்றின்கரைப் பகுதியில் மேற்கொள்ளப்படும் ஆய்வு ஊரை அலகாகக் கொள்ளாமல் வழியை அலகாகக் கொள்ளவேண்டும். ஒரு பெண் கருவுற்றதை அறிந்த நாள் முதல் மருத்துவம் பெற்ற நாள் வரை எத்தனை நாள்கள், எத்தனை இடங்கள், எத்தனை பேரின் இசைவு என்பனவே வாய்ப்பின் அளவுகோல்கள். வினாப்படிவம் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் அப்பகுதியின் பேச்சுவழக்கில் அமையவேண்டும். 'கலைந்ததா, கலைத்தீர்களா' என்று பிரித்துக் கேட்டுப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், அவள் ஆளும் தன்வினைக்குள் நின்றே நிகழ்ந்ததை அறியும் வினாக்களை வகுத்தல் வேண்டும். கிளைமொழியியல் அறிந்தோரின் துணையின்றி இது கைகூடாது. இருபுறத்துத் தமிழ்த்துறைகளும் மலையாளத்துறைகளும் மருத்துவ ஆய்வு நிறுவனங்களோடு கூடிச் செய்யவேண்டிய பணி இது.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் தமிழில் தோன்றிய 'கர்ப்ப ஆட்சி' என்னும் தொடர், ஆளுபவர் யார் என்று கேட்டது. பின்வந்த சொற்கள் அவ்வினாவை மூடின. எல்லையோர ஊர்ப் பெண், இரு அரசுகளின் பேரேடுகளுக்கும் இரு மொழிகளின் படிவங்களுக்கும் இடையே நின்று, அவ்வினாவை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறாள். அதற்கு விடை தேடும் ஆய்வே பெறும் வாய்ப்பை ஆராய்ந்த ஆய்வு எனத்தகும்.